பெட்டிக்கும் ஒரு விலாசம் உண்டு

தமிழ்நாட்டை விட்டு வெளியே வந்து குடியேறிய நம் குடும்பங்களில் 'மாற்றல்' என்ற சொல்லைக் கேட்காத வீடு கிடையாது. ரயில்வேயானாலும், வங்கியானாலும், எஃகு ஆலையானாலும், இன்றைய கம்ப்யூட்டர் கம்பெனியானாலும் மூன்று வருடம், ஐந்து வருடம் என்று ஓர் ஊரில் இருந்துவிட்டு மூட்டை கட்டுகிறோம். போகிறவர் கேஸ் இணைப்பை மாற்றிக்கொள்கிறார். பிள்ளைகளுக்கு டி.சி. வாங்குகிறார். பால்காரர் பாக்கியைத் தீர்க்கிறார். ஆனால் சங்கத்தில் தான் பார்த்துவந்த வேலையை யாரிடம் எழுதிக் கொடுத்துவிட்டுப் போகிறார்? பொருளாளர் என்றால் கணக்குப் புத்தகமாவது மிஞ்சும். மைக்கையும் புரொஜெக்டரையும் பார்த்துக்கொண்டவர் போனால், அவர் மனதில் இருந்ததெல்லாம் அவரோடு ரயிலேறிவிடுகிறது.

அடியேன் டிப்ளமா முடித்து ரயில்வேயின் சிக்னல், தொலைத்தொடர்புப் பிரிவில் சேர்ந்து, முப்பத்தேழு ஆண்டுகள் மத்திய இந்தியாவின் வெயிலில் காய்ந்து ஓய்வு பெற்றவன். கம்பியும் இணைப்பும்தான் என் தொழில். அந்தப் பழக்கத்தில், நம் சங்க அரங்குகளில் இப்போது இடம்பிடித்துவிட்ட ஒரு பெட்டியைப் பற்றியும், அதன் 'செட்டிங்' விவரங்களைப் பற்றியும் எழுத முற்படுகிறேன். பொறியியல் படிக்காதவர்களும் படிக்கலாம். அவர்கள் கையில்தான் பல சங்கங்களின் சாவிக்கொத்து இருக்கிறது!

அது என்ன பெட்டி?

முன்பெல்லாம் விழா என்றால் ஒரு மைக், ஓர் ஆம்ப்ளிஃபையர், இரண்டு கூம்பு ஒலிபெருக்கி. அத்துடன் சரி. இன்று மேடையருகே லேப்டாப், அரங்கின் பின்னால் வீடியோ கேமரா, இன்னொரு மூலையில் பாட்டுப் போடும் கம்ப்யூட்டர். மறுபுறம் புரொஜெக்டர், பக்கச் சுவரில் ஒரு டி.வி., கீழ்த்தளத்தில் ஒரு டி.வி., விழாவைப் பதிவு செய்யும் கருவி. எந்தப் படம் எங்கே போகவேண்டும் என்று பிரித்து அனுப்ப நடுவில் ஒருவர் வேண்டும் அல்லவா? அவர்தான் ஸ்விட்சர்.

உள்ளே வரும் வழிகள் 8, வெளியே போகும் வழிகள் 8 என்றால் மொத்தம் 64 சந்திப்புகள். உள்ளே வரும் எதையும் வெளியே போகும் எதனோடும் இணைக்கலாம். ஒரே படத்தை எட்டு இடத்துக்கும் ஒரே நேரத்தில் அனுப்பவும் முடியும். இந்த வகைக்கு 'மேட்ரிக்ஸ் ஸ்விட்சர்' என்று பெயர். பழைய கிராஸ்பார் டெலிபோன் எக்ஸ்சேஞ்சை உள்ளே போய்ப் பார்த்தவர்களுக்கு இது பழகிய சங்கதி. என்னைப் போன்ற ரயில்வேக்காரன் கண்ணுக்கு அது எட்டு லைன் கொண்ட ஒரு யார்டு.

இந்தப் பெட்டியை இயக்க நான்கு வழிகள் இருக்கலாம். முகப்பில் உள்ள பொத்தான்கள், கையடக்க ரிமோட், சீரியல் கேபிள், நெட்வொர்க் கேபிள். பெட்டி பெரும்பாலும் மேடைக்குப் பின்னால் ஒரு ரேக்கில் உட்கார்ந்திருக்கும். இயக்குபவரோ அரங்கின் கடைசி வரிசையில் இருப்பார். ஆகவே பின்னிரண்டு வழிகள்தான் நடைமுறைக்கு உதவும். அவற்றின் செட்டிங் தெரியாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு நான் நேரில் கண்ட ஒன்றைச் சொல்கிறேன்.

எஃகு நகரத்தில் ஒரு பொங்கல் விழா

கிழக்கே ஓர் எஃகு ஆலை நகரத்தில் என் மகள் குடும்பம் சில ஆண்டுகள் இருந்தது. அங்கே நம்மவர்களின் சங்கத்துக்கு முதல் மாடியில் அரங்கம். லிஃப்ட் கிடையாது. மூட்டு வலிக்காரர்களும் முதியவர்களும் கீழ்த்தளத்தில் உட்கார்ந்து டி.வி.யில் விழாவைப் பார்ப்பது வழக்கம். அந்த டி.வி.க்குப் படம் மேலிருக்கும் ஸ்விட்சரிலிருந்து வரவேண்டும்.

எல்லாவற்றையும் அமைத்துக் கொடுத்திருந்தவர் ஓர் இளைஞர். கெட்டிக்காரர். மேடைப் பக்கம் குழந்தைகள் வந்து பொத்தானை அமுக்குகிறார்கள் என்று முகப்புப் பொத்தான்களைப் பூட்டும் வசதியைப் போட்டு, ஒரு டேப்லெட்டிலிருந்து நெட்வொர்க் வழியாக இயக்கும்படி செய்திருந்தார். பிறகு அவருக்குப் புனேயில் வேலை கிடைத்தது. போய்விட்டார். அதற்குச் சில மாதங்கள் கழித்துச் சங்கம் தன் பிராட்பேண்ட் இணைப்பை வேறொரு கம்பெனிக்கு மாற்றியது. புது ரவுட்டர் வந்தது. இதற்கும் டி.வி.க்கும் சம்பந்தம் உண்டென்று யாருக்கும் தோன்றவில்லை.

பொங்கல் விழாவில் தமிழ் வகுப்புக் குழந்தைகள் பாண்டியன் அவையில் கண்ணகி வழக்குரைக்கும் காட்சியை நடித்தார்கள். டேப்லெட் பெட்டியைத் தேடிக்கொண்டே இருந்தது. கீழ்த்தளத்து டி.வி. கடைசிவரை நீலமாகவே நின்றது. பேத்திக்குக் கண்ணகி வேஷம் என்று புதுப்புடவை கட்டிக்கொண்டு வந்திருந்த ஒரு பாட்டியம்மாள் பின்னர் என்னிடம் சொன்னது: "கைதட்டற சத்தம் மட்டும் மேலேருந்து கேட்டுது தம்பி."

அடுத்த மாதம் நான் அங்கு போனபோது சங்கத் தலைவர் மகள் வீட்டுக்கே வந்துவிட்டார். "சார், புரொஜெக்டர் நல்லா இருக்கு, டி.வி. நல்லா இருக்கு. நடுவுல இருக்கற பெட்டிதான் வாயைத் திறக்க மாட்டேங்குது. புதுசே வாங்கிடலாமான்னு கமிட்டியில பேச்சு" என்றார். புனேக்குப் போன் போட்டோம். பையன் மரியாதையாகத்தான் பேசினார். "அங்கிள், அந்த அட்ரஸ், பாஸ்வேர்டு எல்லாம் என் பழைய லேப்டாப்ல இருந்தது. அதை ஆபீஸ்ல திருப்பிக் கொடுத்துட்டேனே!"

மூன்று கம்பி, ஐந்து உடன்பாடு

முகப்பு பூட்டு. நெட்வொர்க் விலாசம் தெரியாது. மிஞ்சியது சீரியல் வழி. ஆர்.எஸ்.232 என்னும் இந்த முறை 1960-ல் அமெரிக்காவில் தரப்படுத்தப்பட்டது. அறுபது வருடம் தாண்டியும் இன்றைய ஸ்விட்சர்களிலும் புரொஜெக்டர்களிலும் அது இருக்கிறது. அடிப்படையில் மூன்று கம்பி போதும்: பேசும் கம்பி, கேட்கும் கம்பி, பொதுவான கிரவுண்டு. கேபிள் நீளம் 15 மீட்டருக்குள் இருந்தால் நலம்.

இரண்டு கருவிகள் இப்படிப் பேசிக்கொள்ள ஐந்து விஷயங்களில் உடன்பாடு வேண்டும். வேகம், ஓர் எழுத்துக்கு எத்தனை பிட், பாரிட்டி என்னும் பிழைச் சோதனை உண்டா இல்லையா, எழுத்தின் முடிவைக் காட்டும் ஸ்டாப் பிட் எத்தனை, ஃப்ளோ கன்ட்ரோல் உண்டா இல்லையா. பெரும்பாலான பெட்டிகளில் 8 பிட், பாரிட்டி இல்லை, ஸ்டாப் பிட் 1, ஃப்ளோ கன்ட்ரோல் இல்லை என்றிருக்கும். வேகம் மட்டும் 9600, 19200, 38400, 115200 என்று மாறுபடும். வேகத்தைக் குறிக்கும் 'பாட்' என்ற சொல், தந்தித் துறையில் புகழ்பெற்ற பிரெஞ்சுக்காரர் எமில் போடோவின் (1845–1903) பெயரிலிருந்து வந்தது. 9600 வேகத்தில், தொடக்க பிட்டையும் முடிவு பிட்டையும் சேர்த்து ஓர் எழுத்துக்கு 10 பிட் ஆவதால், வினாடிக்கு 960 எழுத்து போகும். 50 பாட் டெலிபிரிண்டர் ஓடிய தந்தி அறையைப் பார்த்தவர்களுக்கு இது அசுர வேகம்தான்.

இன்றைய லேப்டாப்பில் சீரியல் துளை கிடையாது. யு.எஸ்.பி.யிலிருந்து சீரியலுக்கு மாற்றும் கன்வர்ட்டர் ஒன்று வேண்டும். சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. வாங்கியதும் முதல் சோதனை: அதன் ஒன்பது ஊசிகளில் 2-ஐயும் 3-ஐயும் ஒரு சிறு கம்பியால் இணைத்துவிட்டு லேப்டாப்பில் தட்டினால், தட்டிய எழுத்தே திரும்பி வந்து திரையில் தெரியவேண்டும். தெரிந்தால் கன்வர்ட்டர் சரி. இதற்கு 'பட்டி' என்ற இலவச மென்பொருள் போதும். நம்மூர்ப் பட்டி தொட்டிக்கும் இதற்கும் உறவில்லை!

ரேக்கில் கிடந்த பழைய கேபிளை மாட்டினேன். பெட்டியிடமிருந்து பதிலே இல்லை. மல்டிமீட்டரை எடுத்து, கிரவுண்டுக்கும் மற்ற இரண்டு கம்பிகளுக்கும் இடையே அளந்தேன். சும்மா இருக்கும் நேரத்தில் பேசும் கம்பியில் மைனஸ் வோல்டேஜ் நிற்கும். அதை வைத்து எது பேசும் கம்பி என்று கண்டுபிடித்துவிடலாம். லேப்டாப்பின் பேசும் கம்பி, பெட்டியின் பேசும் முனைக்கே போயிருந்தது. இருவரும் ஒரே நேரத்தில் பேசினால் கேட்பது யார்? இரண்டு கம்பியையும் குறுக்காக மாற்றிப் போட்டதும் திரையில் எழுத்து வந்தது. வந்தது முழுக்கக் குப்பை எழுத்து.

வாசகர்கள் இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். குப்பை எழுத்து வந்தால் நல்ல சகுனம். கம்பி சரி, வேகம்தான் ஒத்துப்போகவில்லை என்று பொருள். 9600, 19200 என்று ஒவ்வொன்றாக மாற்றி 38400-ல் வைத்தபோது பெட்டி தன் பெயரையும் மாடலையும் தெளிவாகச் சொல்லியது. முகப்புப் பூட்டைத் திறக்கும் கட்டளையைக் கொடுத்தேன். திறந்தது. உன் விலாசம் என்ன என்று கேட்டேன். 192.168.1.50 என்றது. புது ரவுட்டரின் விலாசமோ 192.168.29.1. விஷயம் விளங்கிவிட்டது.

தெருவும் கதவு எண்ணும்

நெட்வொர்க் விலாசத்தில் நான்கு எண்கள். அதனுடன் 'மாஸ்க்' என்று ஒன்று இருக்கும். மாஸ்க் 255.255.255.0 என்றிருந்தால் முதல் மூன்று எண்கள் தெருவின் பெயர், கடைசி எண் கதவு எண் என்று வைத்துக்கொள்ளலாம். 0-வும் 255-ம் நீங்கலாக ஒரு தெருவில் 254 கதவுகள். எஃகு நகரத்துப் பெட்டி இன்னும் பழைய தெருவின் விலாசத்தை வைத்துக்கொண்டு காத்திருந்தது. டேப்லெட்டோ புது ரவுட்டர் கொடுத்த புதுத் தெருவுக்குக் குடிபோய்விட்டது. இருவரிடமும் கோளாறு இல்லை. ஒருவரை ஒருவர் பார்க்க வழியில்லை, அவ்வளவே.

ரவுட்டரில் டி.எச்.சி.பி. என்னும் வசதி உண்டு. லாட்ஜில் வருகிறவர்களுக்கு அன்றன்று காலியாக உள்ள அறையைக் கொடுப்பது போல, இணையும் கருவிகளுக்குத் தற்காலிகக் கதவு எண்ணைக் கொடுக்கும். விருந்தினர் செல்போனுக்கு அது சரி. ஸ்விட்சருக்கு நிரந்தர வீடு வேண்டும். இல்லாவிட்டால் மின்சாரம் போய்வந்ததும் வேறு எண்ணில் போய் உட்கார்ந்துகொள்ளக்கூடும். எனவே அதில் டி.எச்.சி.பி.யை நிறுத்திவிட்டு, லாட்ஜ் கணக்கில் வராத ஓர் எண்ணை நிலையாகக் கொடுக்கவேண்டும். நான் ரவுட்டரில் தற்காலிக எண்களை 150 வரை மட்டும் என்று வரையறுத்துவிட்டு, ஸ்விட்சருக்கு 192.168.29.200 என்று கொடுத்தேன்.

லாட்ஜ் கணக்கில் வராத எண் ஏன் என்பதற்கு எங்கள் கன்ட்ரோல் போனைச் சொல்லலாம். ஒரு செக்ஷனில் உள்ள எல்லா ஸ்டேஷன்களும் ஒரே லைனில் இருக்கும். ஒவ்வொரு ஸ்டேஷனுக்கும் தனிக் குறி எண். கன்ட்ரோலர் அந்த எண்ணை அனுப்பினால் அந்த ஸ்டேஷனில் மட்டும் மணி அடிக்கும். இரண்டு ஸ்டேஷனுக்கு ஒரே எண் வைத்தால் கன்ட்ரோலர் யாரோடு பேசுவார்? யாரோ ஒருவரின் செல்போன் ஸ்விட்சரின் எண்ணைப் பெற்றுவிட்டாலும் இதே குழப்பம்தான். விழாவின் பாதியில் ஒருமுறை வேலை செய்யும், மறுமுறை செய்யாது. இந்த மாதிரிக் கோளாறைக் கண்டுபிடிப்பதற்குள் விழாவே முடிந்துவிடும்.

சிலர் எதற்கெடுத்தாலும் 'ஃபேக்டரி ரீசெட்' செய்துவிடலாம் என்பார்கள். செய்யலாம். ஆனால் அமைத்துவைத்த அத்தனையும் போய்விடும், விலாசமும் கம்பெனி கொடுத்த முதல் விலாசத்துக்குத் திரும்பும். அது கம்பெனிக்குக் கம்பெனி வேறு. எக்ஸ்ட்ரான் பெட்டிகள் பலவற்றில் 192.168.254.254. கிரேமர் பெட்டிகள் பலவற்றில் 192.168.1.39. அந்தப் பெட்டியோடு பேச, லேப்டாப்பையும் தற்காலிகமாக அதே தெருவுக்குக் குடிவைத்து, வைஃபையை அணைத்து, நேராக ஒரு கேபிளில் இணைக்கவேண்டும். பெட்டிக்குப் புது விலாசம் கொடுத்த மறுகணமே தொடர்பு அறுந்துவிடும். பதற வேண்டாம். அது வீடு மாறிவிட்டது, நீங்கள் பழைய வாசலில் நிற்கிறீர்கள். லேப்டாப்பையும் புதுத் தெருவுக்கு மாற்றிக்கொண்டு, 'பிங்' என்ற கட்டளையால் கூப்பிட்டுப் பாருங்கள், பதில் வரும்.

இன்னொன்றையும் பலர் மறக்கிறார்கள். பெட்டியில் விலாசத்தை மாற்றினால், அதைக் கூப்பிடும் டேப்லெட்டிலும் அதே புது விலாசத்தை எழுதவேண்டும். ஒரு முனையில் மாற்றியது மறுமுனைக்கும் தெரியவேண்டும். எஃகு நகரத்தில் அதையும் செய்தபின் கீழே போய்ப் பார்த்தேன். டி.வி.யில் மேலே இருந்த காலி மேடை தெளிவாகத் தெரிந்தது. மொத்தம் ஒன்றரை மணி நேர வேலை. புதுப்பெட்டி வாங்கும் பேச்சு அத்துடன் நின்றது. ஆனால் பேத்தியின் நாடகத்தை யாரால் திரும்ப நடத்த முடியும்?

காகிதத்தில் எழுதவேண்டியவை

ரேக்கின் கதவுக்கு உட்புறம் ஒட்ட ஒரு தாள், சங்க அலுவலகப் பதிவேட்டில் ஒரு பக்கம். இரண்டே பிரதிகள் போதும். அதில் கீழ்க்கண்டவை இருக்கட்டும்.

1. பெட்டியின் கம்பெனி, மாடல், வாங்கிய தேதி.
2. எந்தத் துளையில் எந்தக் கருவி: உள்ளே 1 லேப்டாப், 2 கேமரா, வெளியே 1 புரொஜெக்டர், 2 கீழ்த்தளத்து டி.வி. என்ற முறையில்.
3. சீரியல் விவரம்: வேகம் முதலான ஐந்தும், எந்த முனை பேசும் முனை என்பதும்.
4. புரொஜெக்டரை ஸ்விட்சர் வழியாகவே இயக்கினால், அந்த இணைப்பின் சீரியல் வேகம் தனியே. அது பெட்டியின் சொந்த வேகமாகவே இருக்கவேண்டும் என்பதில்லை.
5. நெட்வொர்க் விலாசம், மாஸ்க், கேட்வே, டி.எச்.சி.பி. உண்டா இல்லையா, போர்ட் எண்.
6. அன்றாடம் தேவைப்படும் நாலைந்து கட்டளைகள், முற்றுப்புள்ளி மாறாமல். எக்ஸ்ட்ரான் மேட்ரிக்ஸ் பெட்டியில் 1*3! என்றால் உள்ளே 1-ஐ வெளியே 3-க்கு அனுப்பு என்று பொருள். அந்த ஆச்சரியக்குறி விட்டுப்போனால் பெட்டி அசையாது. சில கம்பெனிகளின் கட்டளைகளுக்குக் கடைசியில் 'என்டர்' தட்டவேண்டும்.
7. கடைசியாக மாற்றியவர் பெயர், தேதி, கையெழுத்து.

பாஸ்வேர்டை மட்டும் ரேக்கில் ஒட்டாதீர்கள். கம்பெனி கொடுத்த பாஸ்வேர்டை மாற்றி, அதை ஓர் உறையில் போட்டு ஒட்டிச் செயலாளரின் பீரோவில் வையுங்கள். பல பெட்டிகளில் உள்ள 'டெல்நெட்' வழியில், அதாவது போர்ட் 23-ல், எல்லாம் மறைவின்றித் திறந்த கடிதமாகப் போகும். ஆகவே இந்தப் பெட்டியை வெளி இன்டர்நெட்டிலிருந்து யாரும் தொடும்படி விடக்கூடாது. விருந்தினர் வைஃபையும் வேறாக இருப்பது உத்தமம்.

ரயில்வே கற்றுக்கொடுத்த பழக்கம்

சிக்னல் கருவியைத் தொடுவதற்கு முன் நாங்கள் ஸ்டேஷன் மாஸ்டரிடம் டிஸ்கனெக்ஷன் மெமோ எழுதிக் கொடுப்போம். அவர் கையெழுத்திட்ட பிறகுதான் ஸ்க்ரூடிரைவர் வெளியே வரும். வேலை முடிந்து சோதித்தபின் ரீகனெக்ஷன் மெமோ. இளம் வயதில் இதெல்லாம் வெறும் காகிதச் சடங்கு என்று சலித்துக்கொள்பவர்கள் உண்டு. 2023 ஜூன் 2 அன்று பாலசோர் அருகே பஹானகா பஜார் ஸ்டேஷனில், சென்னை நோக்கி வந்த கோரமண்டல் விரைவு வண்டி லூப் லைனுக்குள் திரும்பி, நின்றிருந்த சரக்கு வண்டியில் மோதியது. 290-க்கும் மேற்பட்டோர் மாண்டனர். சிக்னல் சுற்றில் முன்பு செய்த மாற்றத்திலும், லெவல் கிராசிங் தடுப்பை மாற்றும் பணியிலும் நேர்ந்த குறைகளே காரணம் என்று அதே ஆண்டு ஜூலையில் நாடாளுமன்றத்தில் தெரிவிக்கப்பட்டது. நம்மில் பலருக்கு ஊருக்குப் போகும் வண்டி அது. அந்தத் துயரத்தோடு ஒரு விழா அரங்கின் பெட்டியை ஒப்பிட எனக்கு மனம் வராது. ஆனால் ஓர் இணைப்பை மாற்றுகிறவர், அடுத்து வருகிறவருக்குத் தெரியும்படி எழுதிவைத்து, முழுவதும் சோதித்துவிட்டுத்தான் போகவேண்டும் என்ற பழக்கம் எங்கும் ஒன்றுதான். சிறிய இடத்தில் வராத பழக்கம் பெரிய இடத்தில் வந்துவிடாது.

ஆகவே நம் சங்கங்களுக்கு என் வேண்டுகோள் இவை. விழாவுக்கு முந்தைய இரண்டு நாட்களில் எந்த செட்டிங்கையும் மாற்றாதீர்கள். மாற்றவேண்டியிருந்தால் ஒரு வாரம் முன்பே மாற்றி, ஒத்திகையில் சோதியுங்கள். பிராட்பேண்ட் கம்பெனியை மாற்றும்போது, ரவுட்டரைக் கழற்றுமுன் தாளில் உள்ள விலாசத்தைப் பாருங்கள். பெட்டியை இயக்கத் தெரிந்தவர் குறைந்தது இருவர் இருக்கட்டும். அவர்களில் ஒருவராவது மாற்றல் இல்லாதவராக, என்னைப் போல ஓய்வு பெற்றவராக இருந்தால் நல்லது. எங்களுக்குப் பேரன் பேத்தி வீட்டைத் தவிர வேறெங்கும் மாற்றல் கிடையாது!

நம் இளைஞர்களுக்கும் ஒரு வார்த்தை. நீங்கள் செய்துகொடுக்கும் வேலை சங்கத்துக்குப் பெரிய கொடை. மாற்றல் உத்தரவு கைக்கு வந்தால், சாமான் கட்டும் ஆளுக்குப் போன் செய்வதற்கு முன் அரை மணி நேரம் ஒதுக்கி அந்தத் தாளை எழுதிவிடுங்கள். தமிழில் எழுதினால் இன்னும் நல்லது. கீழ்த்தளத்தில் உட்கார்ந்திருக்கும் பெரியவர்கள் உங்கள் பெயரைச் சொல்லி வாழ்த்துவார்கள்.